அறுபது பேய்களும் ஒரே படையாகத் தெரிய

சிறு உருவங்களை மேசையில் வரிசையாக நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்காக 60 பேய்கள் கொண்ட படை ஒன்றை அமைக்க விரும்புகிறீர்கள். அவை கடைப் பெட்டியில் வரும் ஐரோப்பிய இடுகாட்டுப் பேய்களாக இல்லாமல், போர் வெற்றியைப் பாடும் நம் பரணி இலக்கியத்தில் போர்க்களத்தில் கூழ் அடும் பேய்களாக இருக்க வேண்டும் என்கிறீர்கள். அதற்கு எந்தப் பசை, எந்த வண்ணம், எந்தத் தூரிகை வாங்குவது என்று கேட்டு, சிங்கப்பூரில் உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முதல் பத்து உருவங்களுக்குக் கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தபோது அது சாம்பல் பூத்துப் போன கதையையும் எழுதியிருக்கிறீர்கள். வாங்க வேண்டியவற்றைக் கேட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. பல பெட்டிகளிலிருந்து வெட்டி ஒட்டிய அறுபது உருவங்கள் ஒரே படையாகத் தெரிய என்ன செய்வது, நம் ஊர் ஈரக் காற்றில் அந்த வேலையைப் பாதியில் கைவிடாமல் எப்படி முடிப்பது என்பதே அது. அதற்கு விடை தெரிந்தால் கடைப் பட்டியல் தானாக அமைந்துவிடும்.

நான் பல் தொழில்நுட்பக் கூடம் ஒன்றில் பொய்ப்பல் செய்யும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். மெழுகைச் செதுக்குவது, இருபகுதிக் கலவைகளைப் பிசைவது, அச்செடுப்பது எல்லாம் அந்த வேலையில் பழகியவை. மினியேச்சர் எனப்படும் இந்தச் சிறு உருவங்கள் மீதான பித்து அதற்கும் முந்தையது, உயர்நிலைப் பள்ளிக் காலத்தது. ஆனால் நான் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவி) பயன்படுத்துவதில்லை, வண்ணப் போட்டிகளிலும் கலந்துகொண்டதில்லை. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் கைத்தூரிகையாலும் கத்தியாலும் செய்யும் வேலையைப் பற்றியது மட்டுமே.

முதலில் உருவத்தைப் பார்க்கப் போகும் தூரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். வேலை செய்யும்போது உருவம் உங்கள் மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். விளையாடும்போது அது ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி நிற்கும். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோவிலுக்கு எதிரே நின்று கோபுரத்தை ஒரு நிமிடம் பாருங்கள். சுதைச் சிற்பங்களின் கண்கள் ஏன் அவ்வளவு பெரிதாக, வெள்ளையும் கறுப்புமாக அழுத்தித் தீட்டப்பட்டிருக்கின்றன என்பது சாலையில் நிற்கும்போதுதான் புரியும். அருகில் போய்ப் பார்த்தால் மிகையாகத் தெரியும் கோடு, கீழே நிற்பவருக்கு அளவாகத் தெரிகிறது. மினியேச்சர் உருவங்களின் தலையும் கையும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாக வார்க்கப்படுவதும் இதே காரணத்தால்தான். ஆகவே ஒரு மீட்டரில் தெரியாத எந்த மாற்றத்தையும் அறுபது முறை செய்யாதீர்கள். இதில் எனக்கு ஐயமே இல்லை. பாதியில் நின்றுபோன படைகளை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன், என் வீட்டு அலமாரியிலும் இரண்டு இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை முதல் ஐந்து உருவங்களுக்கு அளவுக்கு மீறி உழைத்ததால் நின்றவை.

நீங்கள் விளையாடுவது 2024-இல் வந்த ‘வார்ஹாமர்: தி ஓல்டு வேர்ல்டு’ என்ற போர் விளையாட்டு என்பதால் இன்னொரு வசதியும் இருக்கிறது. அதில் உருவங்கள் சதுர அடித்தட்டில் வரிசை கட்டி நிற்கின்றன. காலாட்களுக்குப் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் தட்டு, பழைய பதிப்புகளில் அது 20 ஆக இருந்தது. இருபது பேய்களை ஐந்துக்கு நான்காக நிறுத்தினால், எதிராளியின் கண்ணில் முழுதாகப் படுவது முன்வரிசை ஐந்தும் ஓரங்களில் சிலவும்தான். நடுவில் நிற்பவற்றுக்குத் தலையும் தோளும் மட்டுமே. எனவே இருபது பேய்கள் வீதம் மூன்று அணிகளுக்கும் சேர்த்துப் பதினைந்து உருவங்களை முழுமையாக மாற்றுங்கள். மற்றவற்றுக்கு, பின்னால் சொல்லும் வயிற்று வேலையைத் தவிர, தலையில் ஒரு சிறு மாற்றம் போதும். கையை விரித்து அகப்பையை நீட்டி நிற்கும் பேய் தனியாகப் பார்க்க அழகாக இருக்கும், வரிசையில் பக்கத்துப் பேயின் கழுத்தில் இடிக்கும். ஒட்டுவதற்கு முன் பாகங்களை நீலக் களிம்புப் பசையால் தற்காலிகமாக நிறுத்தி, வரிசையில் வைத்துப் பார்த்து, அடித்தட்டின் கீழே எண் எழுதிவிடுங்கள். எண் எழுதாமல் அறுபது பேய்களை அடுக்குவது குறுக்கெழுத்துப் புதிர் போடுவதைப் போன்றது.

படையை ஒன்றாக்குவது ஆயுதங்களின் எண்ணிக்கை அல்ல, திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவம். பரணியில் வரும் பேய்களுக்கு அப்படிப்பட்ட வடிவங்கள் நிறையவே உண்டு: பனங்காடு எழுந்து நடப்பது போல நீண்டு கறுத்த கைகால், பசியால் முதுகோடு ஒட்டிய வயிறு, கையில் கூழ்ப்பானை, அகப்பை. யானைக் கொம்பால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொண்டு சமைக்க உட்காரும் பேய்கள் அவை. இத்தனையையும் எல்லா உருவத்திலும் திணிக்க வேண்டாம். ஒட்டிய வயிறு எல்லாவற்றிலும் இருக்கட்டும், பானையும் அகப்பையும் முன்வரிசையில் இருக்கட்டும். கொம்பால் பல் விளக்குவது ஒன்றே ஒன்றுக்கு.

வயிற்றைக் குடைவது எளிது. 11-ஆம் எண் அலகு பொருத்திய கத்தியின் முனையால் வெட்டாமல், அலகைச் செங்குத்தாக நிறுத்திச் சுரண்டுங்கள். பிளாஸ்டிக் சுருள் சுருளாக வரும். விலாவின் கீழ்விளிம்பு வரை குடைந்து நிறுத்தினால் விலா தானாகத் துருத்தி நிற்கும். அலகு மழுங்கினால் உடனே மாற்றுங்கள், ஏனெனில் மழுங்கிய அலகுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுப்போம், அது வழுக்கி விரலில்தான் போய் நிற்கும். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் சிமென்டால் ஒட்டுங்கள். அது இரு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால் இணைப்பு பிரியாது. அதே சிமென்ட், ரெசின் வார்ப்பிலும் உலோகத்திலும் பிடிக்காது, அவற்றுக்குச் சூப்பர் குளூ வேண்டும். சூப்பர் குளூ காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகுவது. ஆகவே இங்கே அது வேகமாகப் பிடிக்கும். திறந்த புட்டி சீக்கிரம் கட்டியாகும். அதிகம் இட்டால் சுற்றிலும் வெண்படலம் பூக்கும். புட்டியை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

தலைமுடிக்கும் தோலுக்கும் கிரீன் ஸ்டஃப் என்ற, நீலமும் மஞ்சளும் சேர்த்துப் பிசையும் இருபகுதி எபாக்சிக் களிமண். நாடாவாக வாங்கினால் இரு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு ஏற்கெனவே இறுகியிருக்கும். அதை வெட்டி எறியாமல் பிசைந்தால் மாவில் கல் போல உருண்டைகள் அகப்படும். சமமாகப் பிசைந்தால் ஒன்றரை மணி நேரம் வரை வளையும். மஞ்சள் கூடினால் மென்மையாகவும், நீலம் கூடினால் இறுகியபின் கடினமாகவும் இருக்கும். பிசைந்தவுடன் வேலை செய்யாதீர்கள், பசை போல ஒட்டிக்கொண்டு வரும். இருபது நிமிடம் விட்டால் இட்லி மாவு புட்டு மாவாவது போல ஒரு பதம் வரும், சடைமுடியை அப்போதுதான் இழுக்க வேண்டும். கருவியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே இருங்கள். மீந்த கலவையை உறைபெட்டியில் வைத்தால் இறுகுவது வெகுவாகத் தாமதப்படும்.

பானைகளைப் பதினைந்து முறை செதுக்க வேண்டியதில்லை. ஒரு பானையும் ஓர் அகப்பையும் செய்து, நன்றாக இறுகியபின் இருபகுதி சிலிக்கோன் களிம்பில் அச்செடுத்து, மில்லிபுட் போன்ற எபாக்சிக் களிமண்ணை அழுத்தி வார்த்துக்கொள்ளுங்கள். இங்கே என் தொழில் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அச்சுக் களிம்பைப் பிசையும்போது லேடெக்ஸ் கையுறை அணியாதீர்கள்; அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அவ்வகை சிலிக்கோனை இறுகவிடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் களிம்பு கெட்டுவிட்டது என்று புட்டியைக் குறை சொல்வார்கள், குற்றவாளி கையில் இருக்கும். கையைக் கழுவி உலர்த்திவிட்டு வெறும் கையால் பிசைவதே போதும். நீங்கள் செதுக்கியதை நீங்கள் பிரதி எடுக்கலாம். ஒரு நிறுவனம் விற்கும் தலையையோ ஆயுதத்தையோ அச்செடுப்பது வேறு விஷயம், அதைச் செய்ய வேண்டாம்.

யானைக் கொம்புக்குச் செலவே இல்லை. பாகங்கள் பொருந்தியிருந்த சட்டத்தின் ஒரு துண்டை அகல் விளக்குச் சுடருக்கு மேலே, சுடர் தொடாத உயரத்தில், சுழற்றிக்கொண்டே பிடியுங்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும் கணத்தில் வெளியே எடுத்து மெல்ல இழுத்து வளைத்தால் கூராகத் தேய்ந்து ஒரு கொம்பு கிடைக்கும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். முழு யானைக்காகப் பொம்மைக் கடை யானையை வாங்க நினைத்தால், அது வளையும் பி.வி.சி.யா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அத்தகைய மென்பிளாஸ்டிக்கின் மீது ஸ்ப்ரே அடித்தால் சில சமயம் மாதக் கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, தூரிகையால் பூசும் நீர்வகைப் பிரைமரைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

இனி உங்கள் சாம்பல் பூத்த பத்து உருவங்கள். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், விரலால் தடவினால் எது என்று தெரியும். மணல்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தால், டப்பாவைத் தொலைவில் பிடித்திருக்கிறீர்கள். வண்ணத் துளி உருவத்தை அடைவதற்குள் காற்றிலேயே உலர்ந்து தூளாகப் படிந்திருக்கிறது. வழவழப்பாக, ஆனால் பால் தெளித்த மாதிரி மங்கலாக இருந்தால் அது ஈரத்தின் வேலை. டப்பாவிலிருந்து வரும் கரைப்பான் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது. அது வண்ணத்துக்குள் சிக்கி வெளுக்கிறது. சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். வெயில் வருமுன் அடித்து முடிக்கலாம் என்று அதிகாலையில் எழுந்திருந்தால், நாளின் மிக மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, மழை பெய்யாத நாளில், 20 சென்டிமீட்டர் தொலைவில், விட்டுவிட்டு மெல்லிய படலமாக அடியுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. குளிரூட்டிய அறையில் வைத்திருந்த உருவங்களை நேரே வெளியே எடுத்துச் சென்று அடிக்காதீர்கள். எம்.ஆர்.டி. ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி மூடுபனி போடுகிறதல்லவா, அதேதான் உருவத்துக்கும் நடக்கிறது. வெளியே 31 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் பனிப்படிவு நிலை ஏறக்குறைய 25 டிகிரி. உங்கள் அறை 23-இல் இருந்தால் உருவத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் உட்கார்ந்துவிடும். அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துவிட்டு அடியுங்கள். பொது நடைபாதையில் அடிப்பதைத் தவிர்க்கவும் வேண்டும். வாடை அண்டை வீட்டாரின் சமையலறைக்குள்தான் போகும், டப்பா எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட. வசதி இல்லையென்றால் வருந்தத் தேவையில்லை, தூரிகையால் பூசும் பிரைமர் எந்த மழையிலும் வேலை செய்யும். அறுபதுக்கும் இரண்டு மாலைப் பொழுது கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். பாழான பத்தும் பிளாஸ்டிக் என்பதால் ஐசோபுரொப்பில் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். நீர்வகை வண்ணம் எளிதில் கழலும், ஸ்ப்ரே பிரைமர் சில வேளை பிடிவாதம் பிடிக்கும். வெறும் மங்கல் மட்டும் என்றால் கழற்றவே வேண்டாம், மேலே வண்ணம் ஏறப்போகிறது.

வண்ணத்தில் நிச்சயமானவை சிலவே. மெல்லியதாக இரண்டு முறை பூசுவது தடிமனாக ஒருமுறை பூசுவதைவிட நல்லது. பதம் பாலுக்கும் மோருக்கும் இடையில் இருக்கட்டும். தூரிகை சிறிதாக இருந்தால் கோடு நுண்ணியதாக வரும் என்பது தவறு. மூன்று சுழிய எண் தூரிகை தாங்கும் துளி, நம் விசிறிக் காற்றில், உருவத்தின் கண்ணைத் தொடுவதற்குள் உலர்ந்துவிடும். முனை கூராக நிற்கும் 1-ஆம் எண் தூரிகை ஒன்று நல்லதாக வாங்கி, கூரை விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். ஈரத்தட்டு செய்துகொள்ளுங்கள்: மூடியுள்ள டப்பாவில் நனைத்த சமையலறைத் தாள், அதன்மேல் பேக்கிங் தாள். இங்கே நான்கைந்து நாளில் பூஞ்சை பிடிக்கும், தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் மூடியில் பெரிதாக எழுதி வையுங்கள். என் அம்மா ஒருமுறை புதினாச் சட்னி என்று கரண்டியோடு திறந்துவிட்டார்.

மற்றவை சுவை சார்ந்தவை. டிரை பிரஷ் (வறண்ட தூரிகையால் உரசுவது) தாழ்ந்தது, அடுக்கடுக்காகப் பூசுவது உயர்ந்தது என்று சிலர் சாதிப்பார்கள். அறுபது பேய்களுக்கு டிரை பிரஷ் போதும் என்பது என் கட்சி. கறுப்புப் பிரைமரின் மேல் சாம்பலையும், பிறகு மேலிருந்து மட்டும் வெள்ளையையும் வறண்ட தூரிகையால் உரசுங்கள். விலாவும் முட்டியும் துருத்தித் தெரியும்போது, 2019-இல் சிட்டடெல் என்ற வண்ணப் பெயரில் வந்த கான்ட்ராஸ்ட் போன்ற ஒளி ஊடுருவும் வண்ணத்தில் ஒரு நீலக்கறுப்பை ஒரே பூச்சாக விடுங்கள். பள்ளத்தில் தேங்கிக் கறுக்கும், மேட்டில் விலகி நீலச் சாம்பலாக நிற்கும். முழுக் கறுப்பை மட்டும் தோலுக்குப் பூசாதீர்கள், ஒரு மீட்டரில் அது ஓர் ஓட்டையாகத்தான் தெரியும். இவ்வகையில் தொடக்கத்தில் வந்த சில புட்டிகள், உலர்ந்தபின்னும் ஈரம் பட்டால் கரைந்து மேல் வண்ணத்தோடு கலந்தன. பழைய புட்டியை மலிவாக வாங்கினால் ஓர் உருவத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். பல்லுக்கும் கொம்புக்கும் எலும்பு வெள்ளை, பானைக்குச் செம்பு. சிவப்பு நாக்கில் மட்டும் இருக்கட்டும். உடம்பெல்லாம் இரத்தம் தெளித்தால் கண் எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கும். நாக்கு ஒன்றே சிவந்திருந்தால் அறுபது நாக்கும் ஒரே வரியாகத் தெரியும். பத்துப் பத்தாக, எல்லாத் தோலும், பிறகு எல்லாப் பல்லும் என்று செய்தால் உருவத்துக்கு 40 நிமிடம் பிடிக்கும். மொத்தம் 40 மணி நேரம். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் எட்டு வாரம்.

அடித்தட்டுக்கு ஆற்று மணலைக் கழுவி, அடுப்பில் வறுத்து, வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள். என்னைப் போல ரவையை ஒட்டிவிடாதீர்கள். பார்க்க நுண்மணலாகவே இருந்தது. மூன்றாம் வாரம் எறும்புச் சாரை ஒன்று என் முன்வரிசையைச் சுற்றி வளைத்திருந்தது. அந்தப் படை அதுவரை யாரிடமும் அப்படித் தோற்றதில்லை. உலர்ந்த தேயிலைத் தூள் சருகாக நன்றாக இருக்கும், ஆனால் மேலே நீர்த்த பசையால் ஒரு பூச்சுக் கொடுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

படைத்தலைவியாகக் காளியையே வைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். இதில் எனக்கு அதிகாரம் எதுவும் இல்லை. நான் என்றால் வைக்கமாட்டேன். வழிபடும் உருவத்தை, பகடை சரியாக விழாவிட்டால் மேசையிலிருந்து எடுத்து ஓரம் வைக்கும் பொருளாக்க என் மனம் ஒப்பவில்லை. கூழைப் பங்கிடும் ஒரு கிழட்டுப் பேய், கையில் மற்றவர்களுடையதைவிட இரு மடங்கு பெரிய அகப்பையோடு நின்றால் தலைமை விளங்கிவிடும், கொடியில் ஒரு சூலம் போதும். எந்தத் தலைவரின் விதியில் அதை விளையாடுகிறீர்களோ அவருக்குரிய ஆயுதம் பார்த்தவுடன் எதிராளிக்குப் புரிய வேண்டும், அடித்தட்டின் அளவும் படைப்பட்டியலில் உள்ளபடி இருக்க வேண்டும். உற்பத்தி நிறுவனத்தின் சொந்தக் கடையில் விளையாடப் போகிறீர்கள் என்றால் பிற நிறுவனத்தின் உருவங்களை அனுமதிப்பார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்தபின் மங்கல் வார்னிஷைத் தூரிகையாலேயே பூசுங்கள். பிரைமர் வெளுத்தால் மேலே வண்ணம் இருக்கிறது, வார்னிஷ் வெளுத்தால் மேலே வேறெதுவும் இல்லை. கொம்பால் பல் விளக்கும் அந்த ஒரு பேயைக் கடைசி வரை தொடாதீர்கள். என்னுடையது வாயோரத்தில் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டுக் கொம்பைச் செருகி, மேலுதட்டைக் கிரீன் ஸ்டஃபில் தூக்கி, கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மட்டும் மூன்று மாலைகள் ஆயின, விளையாட வருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பதும் அதைத்தான்.